மூன்றாவது குடை

இயேசு மரி சூசை துணை

ஆரணி,
பிப்ரவரி 11

போளூரில் குடும்பத்தோடு சுகமாய் இருக்கும் என் அன்பு மச்சான் ஜான் அவர்களுக்கு, ஆரணியிலிருந்து யோவான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீடும் நலம். அதாவது, வீடு நலம். அங்கே உங்கள் நலத்தையும், தங்கை சோபியாவின் இடுப்புவலியின் நிலவரத்தையும் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் என்னைத் திட்டியதில் நியாயம் இருக்கிறது. "எங்கக்கா சினிமாவுல ஆடிகினு இருக்குது, உங்க ஊர்ல பேசறத கேட்டுட்டு வந்து போளூரே எனக்குச் சொல்லுது, நீங்க ஒரு வார்த்தை சொல்லல" என்று கேட்டீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, போனை வைத்துவிட்டேன். முப்பத்தாறு வருடம் தபால் ஆபீசில் அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவன் நான். மனசில் இருப்பது எனக்கு வாயில் வராது, எழுதினால்தான் வரும். பொறுமையாகப் படிக்கவும்.

போன சித்திரையில் லண்டனிலிருந்து தீபா என்று ஒரு டைரக்டர் அம்மா வந்தாள். தமிழ்ப் பெண்தான், பிறந்தது அங்கே. பாதி நம்மூர்ப் படம், பாதி வெள்ளைக்காரப் படம் என்று ஒன்றை எடுக்கப் போவதாகச் சொன்னாள். கதை சின்னதுதான். லண்டனில் பியானோ வாசிக்கும் ஒருத்தன் பட்டுப்புடவை எடுக்க அம்மாவோடு ஆரணிக்கு வருகிறான், கடைக்காரர் மகளைப் பார்த்து அங்கேயே விழுந்துவிடுகிறான். நம் படங்களில் பாட்டு வந்தால் கதை நின்றுவிடும், எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம். இதில் கதையே பாட்டில்தான் நடக்கிறது. "பச்சையில காட்டவா, அரக்கில காட்டவா" என்று கடைக்காரர் ராகம் போட்டுக் கேட்கிறார். நாற்பது வருடமாக இந்த ஊரில் புடவை எடுக்கிறேன், ஒரு கடைக்காரரும் என்னிடம் பாடியதில்லை. நடுவில் நம்மூர் வழக்கப்படி மழையில் ஒரு காதல் பாட்டு. அதிலே வெள்ளைக்காரர் வழக்கப்படி தெருப் பெண்கள் எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி காலெடுத்து வைக்கிறார்கள். அந்தப் பாட்டை எடுத்தது நம் தெருவில்.

சித்திரை வெயிலில் மழைக்கு எங்கே போவது? லாரியில் தண்ணீர் கொண்டுவந்து பீய்ச்சினார்களாம். எதிர்வீட்டுப் பன்னீர்செல்வம் தறிக்கு ஏற்றுவதற்காகத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டியிருந்த பட்டு நூல் பாவு மொத்தமும் நனைந்துவிட்டது. அவர் லுங்கியோடு ஓடிவந்து, "எவன்டா அவன், என் பாவ நனைச்சவன்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் குதித்திருக்கிறார். அதையும் எடுத்துப் பாட்டுக்குள் சேர்த்துவிட்டார்கள். இன்றைக்குத் தியேட்டரில் கதாநாயகனைவிட அவருக்குத்தான் விசில்.

பாட்டுக்கு இருபது பெண்கள் வேண்டுமென்று தீபா வீடு வீடாக வந்தாள். உங்கள் அக்கா மேரி என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "அம்பத்தொன்பது வயசுல ஆட்டம் இன்னா ஆட்டம்? கோயில்ல பாட்டு பாடறவ தெருவுல குதிச்சா ஊர் சிரிக்காதா?" என்றேன். வந்தவர்கள் எதிரிலேயே சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, "சும்மா கும்பல்ல நிக்கத்தாங்க. மோர் வேற குடுக்கறாங்களாம்" என்றாள். நிற்பதற்கு மட்டும் அனுமதி கொடுத்தேன், பெரிய கலெக்டர் மாதிரி. மூன்று நாள் கல்யாண மண்டபத்தில் ஒத்திகைக்குப் போனாள். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. படம் எடுத்த அன்று வேண்டுமென்றே தெள்ளாரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மேரி தலையைத் துவட்டிகினு இருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. எப்படி இருந்தது என்று நான் கேட்டிருக்கலாம். "துண்ட ஜல்தி குடு, எனக்கும் வேர்க்குது" என்றேன். மச்சான், அதைத்தான் கேட்டேன்.

ஐப்பசியில் நடந்தது உங்களுக்கே தெரியும். பூசைக்குக் கிளம்பியவள் செருப்பு மாட்ட உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை.

போன மாதம் படம் வந்தது. நான் போவதாக இல்லை. சென்னையிலிருந்து வந்த டயானாதான், "அம்மா கும்பல்ல எங்கனா நிப்பாங்கப்பா, வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். மழைப் பாட்டு வந்தது. கேமரா உயரத்தில் பின்பக்கமாக இருக்கிறது, ஒரு முகமும் தெரியவில்லை, வரிசையாகக் குடைகள்தான். எல்லோருக்கும் ஒரே பச்சைப் புடவை. இடமிருந்து மூன்றாவது குடையைப் பார்த்தேன். அந்தக் குடைக்காரி இடது காலை ஊன்றும்போதெல்லாம் வலப்பக்கமாக ஒரு சாய்வு சாய்ந்தாள். உங்களுக்குத் தெரியாததா? மேரிக்கு இடது முட்டி வலி. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் பத்து முறை அப்படித்தான் சாய்வாள். என் பொஞ்சாதி ஆடுகிறாள். குடையைச் சுழற்றி, தண்ணீரைக் காலால் எற்றி, சின்னப் பெண்ணைப் போல ஆடுகிறாள். நான் எழுந்து நின்று "மேரி!" என்று கத்திவிட்டேன்.

பின்னாலிருந்து ஒருத்தன், "யோவ் பெரிசு, உக்காருய்யா, பேஜார் பண்ணாத" என்றான்.

"அது என் பொஞ்சாதிப்பா" என்றேன்.

"எது, ஹீரோயினா?" என்றான். தியேட்டரே சிரித்தது.

"இல்ல, மூணாவது குடை. செத்துப் போயிட்டா" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளையே எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான்.

அன்றிலிருந்து தினமும் மதியக் காட்சிக்குப் போகிறேன். மேனேஜர் ராமதாஸ் நல்ல மனுஷன். "சார், முழுப் படமும் எதுக்கு? மழைப் பாட்டு ரெண்டே முக்காலுக்கு வரும், சைடு கதவுல வந்து நில்லுங்க" என்றார். நிற்கிறேன், பார்க்கிறேன், அழுகிறேன், வீட்டுக்கு வருகிறேன். கோயில் பாடகர் குழுவையும் பங்குச் சாமியாரையும் கூட்டிப்போய்க் காட்டினேன். அன்று என்ன ஆயிற்றென்றால், பாட்டு முடிந்து என் அழுகை நிற்பதற்குள் திரையில் பியானோக்காரனும் கடைக்காரர் மகளும் வெள்ளைக்கார முறைப்படி முத்தம் கொடுத்துவிட்டார்கள். சாமியார் குனிந்து செருப்பைத் தேடினார். காலில்தான் இருந்தது. வெளியே வந்து, "மேரியம்மாதான், சந்தேகமே இல்ல" என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னை "மூணாங்குடை சார்" என்கிறார்கள். ஊர் சிரிக்கும் என்றேன் அல்லவா, சிரிப்பது என்னைப் பார்த்துத்தான்.

மச்சான், உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் இதுதான். சொன்னால், அவளை ஆடாதே என்று தடுத்ததையும் சொல்ல வேண்டுமே. ஆனால் இந்த ஒரு மாதமாக எனக்கு இருக்கும் ஒரே ஆறுதலும் இதுதான். முப்பத்தெட்டு வருடம் என் சொல் தட்டாதவள், ஒரே ஒரு நாள் தட்டியிருக்கிறாள். நான் பார்க்காத இடத்தில் மனசு குளிர ஆடியிருக்கிறாள். நல்லவேளை என் பேச்சைக் கேட்கவில்லை என்று தினமும் செபத்தில் நன்றி சொல்கிறேன். நீங்களும் என்னை மன்னித்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை வந்தால் இரண்டு பேரும் கதவோரம் நின்று பார்க்கலாம்.

உங்கள் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். சோபியாவைக் குனிந்து வேலை செய்ய வேண்டாமென்று சொல்லவும். தேவமாதா உங்கள் வீட்டைக் காப்பாளாக.

அன்புள்ள,
யோவான்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பின்தெருவில் ஜாக்கெட் தைக்கும் கிருஷ்ணம்மாள் வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணே, ஊரெல்லாம் பேசுது, இதுக்கு மேல மறைக்கக்கூடாது. அந்த மூணாவது குடை நான்தாண்ணே" என்றாள்.

நான் நம்பவில்லை. அந்தச் சாய்வு எப்படி என்று கேட்டேன்.

"டான்ஸ் மாஸ்டர் இங்கிலீஷ்ல சொன்னது எங்க யாருக்கும் புரியலண்ணே. மேரியக்கா ஒருவாட்டி பாத்ததுமே புடிச்சிக்கினாங்க. மூணு நாளும் எங்களுக்கு ஆடிக் காட்டுனது அவங்கதான். அவங்களுக்கு நேர் பின்னால நின்னவ நான். அவங்க சாஞ்சாங்க, அதுவும் ஸ்டெப்புன்னு நெனச்சி நானும் சாஞ்சிட்டேன். முட்டி வலின்னு எனக்கு எப்பிடிண்ணே தெரியும்?"

"அப்போ அவ எங்க?"

"கேமரா வந்ததும் ஒதுங்கிட்டாங்க. தீபா மேடம் கையப் புடிச்சி இழுத்துப் பாத்தாங்க, வரல. நிக்கறதுக்குத்தான் வீட்ல சொல்லிட்டு வந்தேன், அவர் மனசு கஷ்டப்படும்னாங்க. தண்ணி லாரி பக்கத்துல நனைஞ்சிகினே நின்னு எங்களுக்குத் தாளம் தட்டிகினு இருந்தாங்க."

மச்சான், மேலே எழுதியதை அடித்துவிடவும். அவள் என் பேச்சைக் கேட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு வேண்டாம். நேராக வீட்டுக்கு வாருங்கள். கூடத்து நாற்காலிகளை ஒதுக்கி வைக்கிறேன். மேரி சொல்லிக் கொடுத்ததை முதல் அடியிலிருந்து ஆடிக் காட்டுவதாகக் கிருஷ்ணம்மாள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். தனியாக உட்கார்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.