சாட்சியப்பாவின் மூன்று கையெழுத்து

ஓசூர் வட்டாரத்தில் குற்றம் செய்யாதவர்கள் இருக்கலாம். சாட்சியப்பா பார்க்காத குற்றம் ஒன்றுகூட இருக்க முடியாது. காகிதத்தின்படி சொல்கிறேன்.

நான் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். போலீசார் ஒரு பொருளைக் கைப்பற்றினால், நேரில் பார்த்ததாக உள்ளூர்க்காரர் இருவர் மகஜரில், அதாவது கைப்பற்றல் அறிக்கையில், கையெழுத்திட வேண்டும். நம் மக்கள் பொறுப்பானவர்கள். எதையும் செல்போனில் படம் எடுப்பார்கள். சாட்சி என்றதும் பஸ் ஏறிவிடுவார்கள். ஆகவே, காவல் நிலையச் சுவரை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருந்தவர் நிரந்தர சாட்சியானார்; ஊர் வாயில் சாட்சியப்பா ஆனார். கஞ்சாவா, கோழியா, கிரானைட் கல்லா என்று கேட்கமாட்டார். ஒரு டீ வந்தால் வெற்றுத் தாளிலும் கையெழுத்திடுவார். அதுவும் ஒருநாள் தமிழில், ஒருநாள் கன்னடத்தில், ஒருநாள் தெலுங்கில்.

"மூணு பாஷை எதுக்கய்யா?" என்றேன்.

"எல்லாரும் இருக்கற ஊரு சார். யாரு மனசும் கோணக்கூடாது."

ஒருநாள் செம்புக்கம்பித் திருட்டு வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் ஊத்தங்கரையிலிருந்து வந்து தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்தவர். தண்டனை என்றால் சிறை, வேலையும் போய்விடும். வேப்பனப்பள்ளியில் காலை பதினொரு மணிக்கு அவரிடம் கம்பியைப் பிடித்ததாக மகஜர். அதே நாள், அதே மணிக்குச் சாட்சியப்பா எங்கள் நீதிமன்றத்தில் வேறொரு வழக்கில் சத்தியம் செய்துகொண்டிருந்தார். என் பதிவேட்டில் இருந்தது. எழுத்தர் தானாகப் பேச நடைமுறையில் இடமில்லை. நானும் நடைமுறைப்படி வாயை மூடிக்கொண்டேன்.

விசாரணைக்கு முன் வராந்தாவில், ஆள் யாரென்று தெரியாமல் அந்தத் தொழிலாளி சாட்சியப்பாவிடமே கேட்டார்: "அண்ணே, என்னைப் பாத்தேன்னு சொல்றவரு யாருண்ணே? எங்க பாத்தாருன்னு ஒரு வார்த்த கேக்கணும்."

சாட்சியைக் கூப்பிட்டதும் சாட்சியப்பா எழுந்து உள்ளே போனார். கூண்டில் ஏறினார்.

"இவர்கிட்டதானே கம்பியை எடுத்தாங்க?" என்றார் அரசு வழக்கறிஞர்.

"இவர இன்னிக்கித்தான் பாக்கறேன் சாமி. வராந்தாவுல."

"கையெழுத்து உம்முடையதுதானே?"

"என்னுதுதான். தாளு வெறுமையா இருந்துச்சு, டீ சூடா இருந்துச்சு. அன்னிக்கி பதினோரு மணிக்கு நான் இங்கதான் நின்னிருந்தேன். எழுத்தர் சாரக் கேளுங்க."

நீதிபதி கேட்டார். பதிவேட்டை எடுத்து வைத்தேன். தொழிலாளி விடுதலையானார்.

வாசலில் ஏட்டு காத்திருந்தார். "யோவ், உன் கடை எங்க இருக்குதுன்னு ஞாபகம் இருக்கா?"

"உங்க சுவத்துலதாங்க."

அடுத்த வாரமே அது ஆக்கிரமிப்பு என்று கண்டுபிடிக்கப்பட்டது. இவ்வளவு வேகமாக நடந்த அரசு வேலையை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

இப்போது அவர் கடை பாகலூர் சாலையில், ஒரு புளியமரத்தடியில். வாரம் தவறாமல், வழியிலுள்ள நான்கு கடைகளைத் தாண்டி என் ஸ்கூட்டரை அங்கே கொண்டுபோகிறேன்.

"காத்து சரியாத்தான் இருக்குது சார்" என்பார்.

"இருக்கட்டும், இன்னொரு தடவை பாருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவேன்.