ஹல்லாவின் சத்தம்

"மெலிசா இருக்கு," என்றாள் லெம்பி.

கம்ப்யூட்டரில் ஓடிய இஞ்சின் சத்தத்தைத் தைஸ்தோ பட்டென்று நிறுத்தினார். மூன்று வருஷப் பாடு, ஒரே சொல்லில் போயிற்று.

போர்க்காலத்தில், நாற்பத்து நாலில், இந்த ஏரிக்கரைப் பட்டறையில் பரீட்சைக்கென்று ஒரே ஒரு சண்டை விமானம் செய்தார்கள். பேர் ஹல்லா. பதினோரு தடவை பறந்தது. பிறகு பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதைத்தான் தைஸ்தோ கம்ப்யூட்டருக்குள் மறுபடி கட்டியிருந்தார். ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, முப்பத்தெட்டு வருஷம் மரலாரி ஓட்டியவர். பழைய வரைபடத்தைப் பார்த்து இறக்கை, சக்கரம், கடிகார முள் வரைக்கும் ஆணி ஆணியாகச் செய்தார். திரைமுன் உட்கார்ந்து பிடியை இழுத்தால் நிஜம்போலவே ஏரிமேல் எழும்பும். சத்தம்தான் இல்லை. அதை எந்தப் புண்ணியவானும் பதிவு செய்து வைக்கவில்லை.

அதே விமானத்தைக் கணக்கு வாத்தியார் ஓர்வோவும் கட்டிக்கொண்டிருந்தார். ஊர் அருங்காட்சியகத்திலோ ஒன்றுக்குத்தான் இடம். "நேரில் சத்தம் கேட்டவங்க யார் விமானத்துக்குக் கையெழுத்துப் போடுறாங்களோ, அதை வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அப்படி உயிரோடு இருப்பது லெம்பி ஒருத்திதான். வயது எண்பத்து நாலு. அந்தக் காலத்தில் பட்டறைச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தவள்.

தைஸ்தோ யாரையும் நம்பாத ஆள். விமானம் என்று வாயைத் திறந்தால் மறுநிமிஷம் ஓர்வோவுக்குத் தெரிந்துவிடும். அதனால் லெம்பியின் மகளுக்குப் போன் போட்டு, "அம்மாவைக் காபிக்கு அனுப்பி வைம்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கிழவி வந்தாள். தைஸ்தோவின் மனைவி ரைலி காபியும் ஏலக்காய் பன்னும் வைத்தாள். இவர் எங்கோ பிடித்த இஞ்சின் சத்தம் ஒன்றைப் போட்டார். லெம்பி கண்ணை மூடினாள். அப்போது சொன்னதுதான் அந்த மெலிசு.

"எது மெலிசு? அடிச்சத்தமா, மேல்சத்தமா?"

லெம்பி காபியை உறிஞ்சினாள். அந்த ஊரில் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொன்னால்தான் அதிசயம். கடைசியில், "கனம் வேணும் தம்பி," என்றாள்.

தைஸ்தோ தன் பழைய லாரியை உறுமவிட்டுப் பதிவு செய்து சேர்த்தார். வியாழக்கிழமை மறுபடி அழைத்தார். ரைலி கைமுஷ்டி கனத்துக்கு ஒரு பன் சுட்டு வைத்தாள்.

லெம்பி கண்ணை மூடி யோசித்தாள். "உள்ள பச்சையா இருக்கு."

தைஸ்தோ தொடையில் தட்டினார். "பாத்தியா ரைலி! நான் குளிர்ல லாரியைக் கிளப்பினேன், இஞ்சின் சூடேறல. அதைக் கண்டுபிடிச்சுட்டாங்க! என்ன காது!"

"ஏய் மனுஷா, அவங்க சொல்றது..."

"நீ சும்மா இரு. இது தொழில் விஷயம்."

ரைலி உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டை எடுத்துப் போனாள்.

இஞ்சினுக்குச் சூடேற்ற, சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பு கொழுந்துவிட்டு எரியும் இரைச்சலைச் சேர்த்தார். அடுத்த வாரம் கிழவி, "அடி கருகிப்போச்சு," என்றாள். அடுப்பைக் குறைத்து, சிமெண்டுக் கலவை மிஷினைச் சேர்த்தார்.

"அப்போ இவ்வளவு நைசா எங்க கிடைச்சுது?" என்று லெம்பி தலையை ஆட்டினாள். "போர்க்காலம், தம்பி. பாதிக்குப் பாதி மரத்தைத்தான் கலந்தோம்."

தைஸ்தோ நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆமாம்! பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, பஸ்களே விறகுப் புகையில் ஓடிய காலம். விமானத்துக்கும் மரச்சாராயத்தைக் கலந்து ஊற்றியிருப்பான்கள்! படித்தவன் எவனாவது இதை எழுதி வைத்தானா? மரச்சாராயம் குடித்த இஞ்சின் இருமாமல் என்ன செய்யும்? பக்கத்து வீட்டு நாய் எலும்பு சிக்கி இருமியதைப் பிடித்துச் சேர்த்தார்.

இப்போது ஹல்லாவைக் கிளப்பினால் அலமாரிக் கண்ணாடி ஆடியது. தபால்காரர் வாசல்வரை வருவதை நிறுத்திவிட்டார். கடைசியில் ஓர்வோவே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"தைஸ்தோ, வீட்டுக்குள்ளயே பன்னி அறுக்கிறியா? ஏரிக்கு அந்தப் பக்கம் கேக்குது!"

"உக்காரு வாத்தியாரே. பரீட்சை இன்னிக்குத்தான். நீயே பக்கத்துல இருந்து பாரு."

லெம்பி ஏற்கெனவே நாற்காலியில் இருந்தாள். காலையில் ரைலி கத்தியும் கையுமாகக் கொல்லைப் பைன் மரத்தடிக்குப் போனதைத் தைஸ்தோ பார்த்திருந்தார். தன்மேல் உள்ள கோபத்தை மரத்தில் தீர்க்கிறாள் போல என்று கண்டுகொள்ளவில்லை. அவள் ஏதோ கருத்த ரொட்டியைக் கொண்டுவந்து டொக்கென்று மேஜையில் வைத்தாள்.

தைஸ்தோ விசையைத் தட்டினார். லாரி உறுமியது, கலவை மிஷின் உருண்டது, நாய் இருமியது. ஓர்வோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். லெம்பி மட்டும் அசையாமல் மென்றுகொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அவள் தாடை நின்றது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"இதுதான்," என்றாள். "அப்படியே நாப்பத்து நாலு. சாகறதுக்குள்ள இன்னொரு தடவை கிடைக்கும்னு நான் நினைக்கல தம்பி."

ஓர்வோ முகம் வெளுத்துவிட்டது. தைஸ்தோ அருங்காட்சியகத்துக் காகிதத்தை நீட்டினார். கிழவி கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்திட்டாள்.

ஓர்வோ தொப்பியைக் கழற்றினார். "மூணு வருஷமா உன்னை லாரிக்காரன்னு கேலி பண்ணினேன். மன்னிச்சுக்கோ. தோத்தவன் கையாலதான் இது அருங்காட்சியகத்துக்குப் போகணும்." காகிதத்தை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

தைஸ்தோ சத்தத்தை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்தினார். வாத்தியார் ஒருத்தர் தன்னிடம் மன்னிப்புக் கேட்டது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

தாயைக் கூட்டிப்போக மகள் மார்க்கெத்தா உள்ளே வந்தாள். தைஸ்தோ ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாடி, உங்கம்மா காது இருக்கே, அதுக்குத் தங்கத்துல தோடு செஞ்சு போடணும்!"

"காதா? அது சுத்தமா அடைச்சுப்போயி ஏழு வருஷம் ஆச்சுங்களே," என்ற மார்க்கெத்தா, சமையலறைப் பக்கம் திரும்பினாள். "ரைலி அக்கா, நேத்து நான் எழுதிக் குடுத்தேனே, அந்தப் போர்க்காலத்து மரப்பட்டை ரொட்டி அம்மா சொன்ன பக்குவத்துக்கு வந்துச்சா?"