வலது கண்ணைப் பற்றிச் சம்பந்திக்கு

அன்பும் மரியாதையும் கலந்து சம்பந்தி அவர்களுக்கு எழுதிக்கொள்வது,

வணக்கம். இங்கே என் வலது கண்ணைத் தவிர அனைவரும் சுகம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், என் மகளும், புதிதாக வந்திருக்கும் பேத்தியும் ஆளுக்கு இரண்டு நல்ல கண்களோடு சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தோம். நான் வரவில்லை. போனில் சொன்னால் மகள் அழுவாள், அவள் அழுதால் நானும் அழுவேன், அழுதால் கண்ணில் போட்ட மருந்து கரைந்துவிடும், அதனால்தான் கடிதம். எனக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது.

எல்லாம் எங்கள் செல்போன் ரிப்பேர் கடையில் ஆரம்பித்தது. போனுக்குள் இருக்கும் பொடிப்பொடி பாகங்களைப் பார்க்க எங்களிடம் இருப்பது ஒரே ஒரு மைக்ராஸ்கோப். நானும், சோடாபுட்டி என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக்கும் மாறிமாறி அதன் ரப்பர் வளையத்தில் கண்ணை ஒட்டவைத்துதான் வேலை பார்ப்போம். அவன் ஒருநாள் தக்காளி மாதிரி சிவந்த கண்ணோடு வந்து, "ஒண்ணுமில்லண்ணே, தூசி" என்றான். நானும் நம்பினேன். சீக்கிரமே அந்தத் தூசி எனக்கும் வந்துவிட்டது. இமை பிசின் போட்டது போல் ஒட்டிக்கொள்ள, உள்ளே மணல் உறுத்த, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து நானே பின்வாங்கினேன். உடனே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் என் மனைவியின் கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருந்தது. நல்ல மருந்து வீணாகிறதே என்று விட்டுக்கொண்டேன். மாலைக்குள் சிவப்பு போன இடம் தெரியவில்லை. பெருமை தாங்காமல் சோடாபுட்டிக்கும் விட்டேன். பிறகு இருவருக்கும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது.

கண் டாக்டரம்மா குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாருக்குக் குடுத்தது?"

"வீட்டுக்காரிக்குங்க. புரை ஆபரேஷனுக்கு."

"உங்களுக்குப் புரையா?"

"இல்லைங்க, சிவப்பு."

"இது ஸ்டீராய்டு. சிவப்பை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. அது பாட்டுக்கு உள்ள வளரும். கருவிழியில ஏற்கனவே சின்னதாப் புண்ணு இருக்கு. விட்டா தழும்பாகிப் பார்வை போயிடும்."

அதற்குப் பிறகும் அவர் நிறையப் பேசினார். பகலில் சொட்டு, படுக்கும்போது களிம்பு, துண்டும் தலையணையும் தனி, கண்ணைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, குப்பியின் மூக்கு இமையில் படக்கூடாது. அவ்வளவையும் என் மனைவிதான் கேட்டுக்கொண்டாள். எனக்குப் 'பார்வை போயிடும்' என்பதோடு காது அடைத்துவிட்டது.

அன்றிலிருந்து நான் நானாக இல்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருக்கும் காலண்டரைப் படித்துப் பார்ப்பதே தொழிலாகிவிட்டது. சில நாளில் அது மனப்பாடம் ஆகி, படிக்கிறேனா ஒப்பிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. வேறு மாதத்தைத் திருப்பச் சொன்னால், "ஏங்க, கண்ணுக்கு வைத்தியம் பாக்குறீங்களா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்கிறாள் மனைவி. அவளுக்கு என்ன, இரண்டு கண்ணும் தெரிகிறது. படுக்கும்போது போடச் சொன்ன களிம்பை நான் முன்ஜாக்கிரதையாகக் காலையிலும் போடுகிறேன். போட்டதும் எல்லாம் புகை மூட்டமாகிறது. பயந்துபோய் இன்னும் கொஞ்சம் போடுகிறேன், இன்னும் மங்குகிறது. மருந்து போடப் போடவே இந்த வேகத்தில் மோசமாகிறதென்றால், போடாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சம்பந்தி, எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் பேத்தி எனக்கு ஒரு பஞ்சுப் பொதியாகத்தான் தெரிகிறாள். நாளைக்கு அவள் தாத்தா என்று கூப்பிடும்போது, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பித் தடவிக்கொண்டு நிற்க என்னால் முடியாது. அவள் முகத்தை ஒரு தடவையாவது சரியாகப் பார்த்துவிட்டால் போதும். ஆனால் பார்க்க வந்து இதை அவள் கண்ணில் ஒட்டவைத்துவிட்டால் என்ன செய்வேன்? கடையை மாப்பிள்ளையே எடுத்து நடத்தட்டும். அவருக்கென்று தனி மைக்ராஸ்கோப் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசிகள். பேத்தியை என் சார்பில் ஒருமுறை தூக்கிக் கொஞ்சுங்கள். இந்தத் தாளைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

இப்படிக்கு,
கண் உள்ளவரை தங்கள் அன்பு மறவாத,
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் மனைவி என்னை மறுபடி டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் பஞ்சால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "பாதி டியூப் இமைக்குள்ளதான் இருக்கு. களிம்பு போட்டாக் கொஞ்ச நேரம் மங்கத்தான் செய்யும். அதுக்குத்தானே படுக்கும்போது போடச் சொன்னேன்" என்றார். புண் ஆறிவிட்டதாம், தொற்றும் இல்லையாம், குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாமாம். எனவே மேலே நலம் விசாரித்ததைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடவும். மாப்பிள்ளை இப்போது பார்க்கும் வேலையே நல்ல வேலை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேத்தியின் படத்தைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர், "மருந்து விட்டாங்களா, தண்ணியா ஊத்துதே" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். மூக்கு உங்கள் குடும்பத்து மூக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாமே. நன்றாகப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.