இலை பாயிடம் நான் கொண்டுபோன இலை

வந்த வாடிக்கையாளரை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதற்கென்றே கடை திறந்து வைத்திருப்பவர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் அரவேணு உரக்கடை இலை பாய்.

யூரியா கேட்டால் யூரியா வராது. "எலை எங்கீங்க?" என்ற கேள்விதான் வரும். செடியின் அடியிலிருந்து ஒரு முற்றின இலை, நுனியிலிருந்து ஒரு இளம் இலை, இரண்டும் மேஜைமேல் வந்தாக வேண்டும். அடி இலை முழுக்க மஞ்சளித்தால் தழைச்சத்து போதவில்லை. நரம்பு பச்சையாக இருந்து இடையில் மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியம். இளம் இலை வெளுத்தால் இரும்பு. பாதிப் பேருக்கு, எல்லாம் மண்ணிலேயே இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள் என்ற தீர்ப்போடு சரி. அவர்கள் நேராக எதிர்க்கடைக்குப் போய் மூட்டை வாங்குவார்கள். பாய் தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு கல்யாணப் பந்தியில், பீட்ரூட் பொரியலில் கறுத்துப்போன துண்டு ஒன்று அவர் கண்ணில் பட்டுவிட்டது. சமையல்காரரைக் கூப்பிட்டு, இது யார் தோட்டத்துக் கிழங்கு, போரான் சத்து போடாத பாவி யார் என்று விசாரித்தார். பாவி, பெண்ணின் அப்பா. அன்று பாய்க்குப் பாயசம் வரவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, கட்டபெட்டில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்ட புத்திசாலி நான். முதலில் போட்ட உருளை மண்ணாய்ப் போனது. அடுத்ததும் போனால் நிலத்தைத் திருப்பி எடுத்துத் தேயிலை நட்டுவிடுவேன் என்று நிலத்துக்காரர் சொல்லிவிட்டார். அடுத்தது காலிஃப்ளவர். அதன் இலைகள் அகலமே இல்லாமல், நடு நரம்பு மட்டும் சாட்டை மாதிரி நீள ஆரம்பித்தன. எனக்குத் தூக்கம் போயிற்று.

பாயிடம் போகத்தான் வேண்டும். ஆனால் கடையில் நாலு பேர் நிற்பார்களே! அவர்கள் முன்னால் அந்த அவலட்சணத்தை எடுத்து வைக்க மானம் இடம் கொடுக்கவில்லை. தோட்டத்து மூலையில் ஏழெட்டுச் செடிகள் மட்டும் கொழுகொழுவென்று நின்றன. அதில் இரண்டு இலை பறித்துக்கொண்டு போனேன். காப்பியடித்த பிள்ளைகளை எட்டு வருஷம் முட்டி போட வைத்தவள் செய்த காரியம் இது.

"கொறை ஒண்ணுமில்லீங்க டீச்சர்" என்றார் பாய். கடையே கேட்டது. நானும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வாரத்தில் தோட்டம் இன்னும் மோசமானது. நிலத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, பாயே குறையில்லை என்றார் என்று நான் சொல்லியும் கேட்காமல், காலி செய்யச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது? நேராகப் பாய் கடைக்குப் போய், நீங்களெல்லாம் எதற்கு இலை பார்க்கிறீர்கள் என்று கத்தினேன். அவர் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு பஸ் ஏறினார்.

நிலத்துக்காரர் இன்னும் தோட்டத்தில்தான் நின்றிருந்தார். பாய் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போய், அந்த மூலையில் நின்றார். இங்கே என்ன கொட்டினீர்கள் என்று கேட்டார். வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்பு மூட்டை மழையில் கரைந்த இடம் அது. கொழுத்த இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மண்ணு புளிச்சுக் கெடக்குதுங்க. மாலிப்டினம்னு ஒரு சத்து, துளிதான் வேணும். புளிச்ச மண்ணு அதைச் செடிக்கு விடாது. சுண்ணாம்பு விழுந்த எடத்துல விட்டிருச்சு."

"அப்புறம் ஏன் பாய் கொறையே இல்லைன்னு சொன்னீங்க?" என்றார் நிலத்துக்காரர்.

பாய் கையிலிருந்த இலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"தப்பு என்னுதுங்க. எலைய நாஞ் சரியாப் பாக்கல. டீச்சரம்மா மேல தப்பில்லீங்க, ஒரு மாசம் விட்டுப் பாருங்க."

மறுநாள் கடையில் அந்தச் சத்தை ஒரு சின்னப் பொட்டலமாகக் கொடுத்தார். தண்ணீரில் கரைத்துத் தெளித்தேன். முற்றிலும் கெட்ட செடிகள் போனது போனதுதான். சில நாள் பிந்தி நட்டிருந்த பாதித் தோட்டம் புது இலை விட்டுப் பூ வைத்தது. நிலம் இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது.

ஆனால் பாய்க்குக் கண் மங்கிவிட்டது என்று அரவேணு முழுக்கப் பேச்சாகிவிட்டது. அவர் மறுக்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அரவேணுக்காரர்களே, பாய் சரியாகத்தான் பார்த்தார். நான் கொண்டுபோன இலைதான் பொய். கூடப் பிறந்தவர்கள்கூட எனக்காக இப்படி ஒரு பழியைச் சுமந்ததில்லை. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.