மச்சானின் குரலைக் குறைத்தது குறித்து

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் மகனும் மருமகளும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் நலமா என்று எழுதிக் கேட்கும்படி ஆகிவிட்டதே என்பதுதான் முதல் வருத்தம். எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் போன் செய்து, உங்கள் நலத்தை எங்களுக்கும் எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுவீர்கள். உங்கள் தங்கை ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற விழாவுக்குப் பிறகு அந்தப் போன் வரவில்லை. அவள் ஞாயிறு காலையில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்குகிறாள். நறுக்கி முடித்த பிறகும் எழுந்திருப்பதில்லை. பார்க்கவே பாவமாக இருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். முழங்கால் வலியால் வர முடியாத நீங்கள் அனுப்பிய வாழ்த்தையும், மற்றவர்கள் அனுப்பியதையும் கோர்த்து என் மருமகள் ஒரு வீடியோ செய்தாளே, அதில் உங்கள் சத்தத்தைக் குறைத்துவிட்டாள். விழா முடிந்து உங்களுக்கு அதை அனுப்பியதும், பிறந்ததிலிருந்து எதையும் வாயால் மட்டுமே சொல்லி வந்த நீங்கள் முதல்முறையாக எழுத்தில் பதில் அனுப்பினீர்கள்: “என்னைத் தூரத்தில் நிறுத்திவிட்டீர்கள்.” தறி ஆலையில் இயந்திரங்களுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது, வீட்டுப் பிள்ளைகள் உங்களுக்கு ‘ஆலைச் சங்கு’ என்று பெயர் வைத்திருப்பதும் பாசத்தில்தான். ஆனாலும் நடந்தது என்ன என்பதை நீங்கள் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

துண்டுகளை வெறுமனே கோர்த்து முதல் தடவை எங்கள் டிவியில் போட்டுப் பார்த்தோம். ரிமோட் வழக்கம்போல் என் கையில். முதலில் அக்கா வந்தார். அக்காவுக்குத்தான் போன் என்றாலே கூச்சமாயிற்றே, அதைச் சமையலறை மேடையில் ஒரு டப்பாவின் மேல் சாய்த்துவிட்டு, எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய் நின்று பேசியிருக்கிறார், உதடு அசைவது மட்டும் தெரிகிறது, நான் ஏற்றினேன், இன்னும் ஏற்றினேன், டிவியில் அதற்கு மேல் எண்ணே இல்லை என்கிற இடத்துக்குப் போனதும் ஏதோ கேட்டது, அந்தச் சமயம் பார்த்து அடுத்த துண்டில் நீங்கள் வந்து “தங்கச்சி! நல்லா இரு! மருந்த நேரத்துக்குச் சாப்பிடு!” என்றீர்கள் பாருங்கள், அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, ரிமோட் என் கையிலிருந்து நழுவி சோபாவுக்கு அடியில் போயிற்று, நான் தரையில் படுத்து அதைத் துழாவிக்கொண்டிருக்கையில் கீழ்வீட்டுப் பல் டாக்டர் வாயில் பஞ்சுடன் இருந்த நோயாளியை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடி வந்து, யாரை யார் அடிக்கிறார்கள் என்று கேட்டார். வாழ்த்துகிறார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

உடனே நான் மருமகளுக்கு ஒரு யோசனை சொன்னேன். ஆபீஸில் நாற்காலியின் உயரத்தைக்கூடப் பதவிவாரியாகப் போட்டுப் பழகிய ஆள் நான். ஆகவே சத்தத்தையும் வயதுவாரியாக வைத்துவிடு, மூத்தவர் மச்சான், அவர் முதலில், அடுத்தது அக்கா, அப்படியே இறங்கிக்கொண்டே வா என்றேன். அவள் மறுக்கவில்லை, செய்து காட்டினாள். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் வயதில் சின்னவர் என்பதால் மீன் தொட்டியில் மீன் பேசுவதுபோலப் பேசினார். உங்கள் தங்கையைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை ஒன்றுகூட யாருக்கும் கேட்கவில்லை.

அப்போதுதான் அவள் சொன்னாள், “மாமா, ரிமோட்டக் கீழ வைங்க. பாக்கிறவங்க கை ரிமோட்டுக்கே போகக்கூடாது. அதுக்குத்தான் நான் இருக்கேன்.”

மச்சான், அதன்பிறகு அவள் வேலை செய்ததை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பேசியிருந்த பெரிய டாக்டரை அளவாக வைத்துக்கொண்டு, மற்ற எல்லோரையும் ஒவ்வொருவராக அவர் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தாள். திரையில் ஒரு பச்சைக் கோடு குரலுக்கு ஏற்ப ஏறி இறங்குகிறது. அது டாக்டருக்கும் அடுத்தவருக்கும் சமமாக வந்துவிட்டதே, போதாதா என்றால், கோட்டுக்கு என்ன மாமா தெரியும் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். கேட்டுவிட்டு ஒரு மயிரிழை இறக்குகிறாள். என் கண்ணுக்கு ஒன்றுமே மாறவில்லை, காதுக்கு மட்டும் அவர்கள் இரண்டு பேரும் ஒரே அறைக்குள் வந்துவிட்டார்கள். எனக்குப் புல்லரித்துப் போயிற்று. இந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்தது நாம் செய்த புண்ணியம்தான்.

உங்கள் துண்டு வந்தபோது பச்சைக் கோடு சிவப்பாகி உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. அவள் எவ்வளவோ இதமாகத்தான் குறைத்தாள். ஆனால் கத்திப் பேசியதைக் குறைத்தால் மெல்லப் பேசியது ஆகிவிடாதாம், தள்ளி நின்று கத்துவதாகத்தான் ஆகுமாம். நீங்கள் தூரத்தில் நிற்பதுபோல் இருப்பது அதனால்தான், மரியாதைக் குறைவால் அல்ல. அக்காவுக்கு இதற்கு நேர்மாறு. அவர் குரலை ஏற்றினால் குழாய்ச் சத்தம், ஃபிரிட்ஜ் உறுமல், எங்கேயோ யாரோ பேசுவது என்று பின்னால் இருக்கிற அத்தனையும் கூடவே எழுந்து வருகிறது. அதையெல்லாம் துடைக்க ஒரு வசதி இருக்கிறதாம். துடைத்துப் பார்த்தாள், அக்கா தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிட்டதால் அப்படியே விட்டுவிட்டாள்.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் மனக்குறை மனக்குறைதான். எனவே நான் மருமகளிடம் பேசி, உங்கள் குரலை மட்டும் பழையபடி ஏற்றி, வேறொரு வீடியோ செய்து அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். இது என் வாக்கு. கீழ்வீட்டுப் பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கோபத்தை விட்டு உங்கள் தங்கைக்கு ஒரு போன் செய்யுங்கள். அக்காவுக்கு எங்கள் அன்பு. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க மறக்க வேண்டாம் என்று இங்கே ஓய்வுபெற்ற நர்ஸ் உத்தரவு. நீங்கள் இருவரும் நீண்ட நாள் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், உங்கள் தங்கை ஒட்டவேண்டாம் என்றாள். மருமகளின் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அக்கா பேசும் இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டாள். பிறகு ஹெட்போனை எடுத்து என் காதில் மாட்டினாள். அக்காவுக்குப் பின்னால், அடுத்த அறையில், யாரோ பேசுகிறார்கள் என்று எழுதினேனே, அது நீங்கள்தான், மச்சான். உங்கள் வாழ்த்தைச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறீர்கள். “உன் கை பட்டு எத்தனையோ பேரு பொழச்சு எழுந்து போயிருக்காங்க. அதுல நானும் ஒருத்தன். எனக்கு இத உங்கிட்ட சொல்லத் தெரியலம்மா.” மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். உங்களால் இவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்று உங்கள் தங்கைக்கே தெரியாது. மருமகளைக் கேட்டால், “தெரியும் மாமா. அத எப்படி அழிக்கிறது?” என்கிறாள்.

ஆகையால் மேலே கொடுத்த வாக்கைத் திரும்பப் பெறுகிறேன். நீங்கள் கத்திய துண்டை முழுவதுமாக எடுத்துவிடும்படி உங்கள் தங்கை சொல்லிவிட்டாள், எடுத்தும் ஆயிற்று. அவளே ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் அடுத்த அறையில் நின்று பேசுங்கள். நன்றாகக் கேட்கும்.