இரண்டு சீட் இத்தாலிக்காரி

விற்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு விற்காமலே இருப்பது எப்படி? பல் டாக்டர் அதற்கு அருமையான வழி ஒன்று வைத்திருந்தார்.

அவர் வீட்டுக் கொட்டகையில் ஒரு சிவப்பு வண்டி நின்றது. இத்தாலியில் பிறந்தது. இடுப்பு உயரம்தான் இருக்கும். அந்த ஊரில் அப்படி இன்னொன்று கிடையாது. மனைவிக்கு ஜுரம் என்றால் டாக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு கிளினிக்குக்குப் போய்விடுவார். வண்டிக்கு லேசாக இருமல் என்றால் அவருக்குச் சோறு இறங்காது. வாரத்துக்கு ஒரு முறை டாங்க் காலியானாலும் முகம் சுளிக்காமல், "இத்தாலிக்காரிக்குத் தாகம் ஜாஸ்தி" என்று பெட்ரோல் ஊற்றுவார்.

பிரியத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வண்டியில் சீட் இரண்டே இரண்டு. ஊரின் மறுகோடியில் மாமியார் இருந்தார். "அத்தையையும் கூட்டிட்டுப் போகணும்னு ஆசைதான். உக்கார இடமில்லையே" என்று டாக்டர் கல்யாணமானதிலிருந்து வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் மனைவி ஒரே பிடியாக நின்றாள். "அதை வித்துடுங்க. எல்லாரும் சேர்ந்து போற மாதிரி ஒண்ணு வாங்குவோம்."

மாட்டேன் என்றால் வீடு இரண்டுபடும். பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். புரோக்கர் வேண்டாம், நானே நேரில் காட்டி விற்கிறேன் என்றார். சூட்சுமம் அதில்தான் இருந்தது.

அந்த இஞ்சின் சூடாகாதபோது லேசில் கிளம்பாது. ஆக்சிலேட்டரை இரண்டு தரம் மிதித்து, காலை எடுத்து, ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்து, அப்புறம்தான் சாவியைத் திருக வேண்டும். இது தன்னைத் தவிர ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது என்று டாக்டர் நம்பினார். வாங்க வருகிறவர் முன்னால் வெறுமனே சாவியைத் திருகுவார். வண்டி இருமிவிட்டுப் படுத்துவிடும்.

"பாத்தீங்களா சார்? நான் பொய் சொல்லி விக்க மாட்டேன். உள்ள பூரா சொத்தை."

துணிக்கடைக்காரர் வந்தார், போனார். வக்கீல் வந்தார், வந்த வேகத்திலேயே போனார்.

"நானும் விக்கலாம்னுதான் பாக்குறேன். ஆள் அமைய மாட்டேங்குதே."

"பாவம் நீங்க" என்றாள் மனைவி.

அடுத்து ஒரு காண்ட்ராக்டர் வந்தார். டாக்டர் சாவியைத் திருகினார். வண்டி இருமியது. அந்த நேரம் பார்த்து மனைவி டீத் தட்டோடு வந்தாள்.

"என்ன சத்தம்?"

"இஞ்சின் போயிடுச்சு. பாவம், சார் இவ்வளவு தூரம் வந்து..."

"கொஞ்சம் இறங்குங்க."

"நீ எதுக்கு?"

"இறங்குங்கன்னா."

இறங்கினார். தட்டு அவர் கைக்கு வந்தது. அவள் உட்கார்ந்து, குனிந்துகூடப் பார்க்காமல் சீட்டை முன்னால் இழுத்தாள். இரண்டு மிதி. ஒரு மூச்சு. சாவி. இஞ்சின் கர்ஜித்தது. டாக்டர் மூன்று தரம் முன்னும் பின்னும் போய் வெளியே எடுக்கும் வண்டியை, அவள் ஒரே வளைவில் பின்னால் எடுத்து கேட்டுக்கு வெளியே நிறுத்தினாள்.

டாக்டரின் வாய் அவருடைய நோயாளிகளின் வாய் மாதிரி திறந்தே இருந்தது.

"உனக்கு எப்படி ஓட்டத் தெரியும்?"

"மத்தியானம் நீங்க தூங்குவீங்கல்ல, அப்போ கத்துக்கிட்டேன்."

காண்ட்ராக்டர் டீயை எடுத்துக்கொண்டே கேட்டார். "ஒரே ஓனர் வண்டிதானே டாக்டர்?"

"ஓனர் ஒருத்தர்தான். ஓட்டினது ரெண்டு பேர்" என்றாள் மனைவி.

அன்று சாயந்திரமே வண்டி போய்விட்டது. காலிக் கொட்டகையைப் பார்த்ததும் டாக்டருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மனைவி தோளைத் தட்டினாள். "அவ்வளவுதான், முடிஞ்சுது." பல்லைப் பிடுங்கியதும் அவர் வழக்கமாகச் சொல்வது.

அடுத்த வாரம் சாம்பல் நிறத்தில் நாலு சீட் வண்டி வந்தது. முதல் சவாரிக்கு மாமியாரையும் ஏற்றிக்கொண்டார்கள். தோற்றாலும் பெருந்தன்மையைக் காட்டுவோம் என்று டாக்டர் பின்னால் திரும்பினார்.

"சௌகரியமா இருக்கா அத்தை? அந்த வண்டியில உங்களுக்கு இடமே இல்லாமப் போச்சு."

"எனக்கென்ன மாப்பிள்ளை, வாரா வாரம் மத்தியானம் அதுல காலை நீட்டிக்கிட்டு நல்லாத்தான் போயிட்டு வந்தோம். உங்களுக்குத்தான் இடமில்லைன்னு இவ ரொம்ப வருத்தப்பட்டா."