மூன்று இடத்து ஆட்டக்காரனும் ஆடுகிற தேசிக்காயும்

இந்த வசந்தகாலத்தில் ஹனோவர் தமிழ்க்கடையில் தேசிக்காய்க்கு, அதாவது எலுமிச்சைக்கு, தட்டுப்பாடு. எல்லாம் குறி சொல்லும் தம்பித்துரை ஐயா வீட்டு வாசலில் வரிசையில் நின்றன, ஆட்களோடு.

எங்கள் ஆட்கள் கனடாச் சொந்தக்காரரோடு இணையத்தில் பேஸ்போல் விளையாடுகிறார்கள். நிஜ ஆட்டக்காரரை மாறி மாறித் தெரிவுசெய்து கற்பனை அணி கட்டவேண்டும். அவர்கள் மைதானத்தில் அடிப்பது நமக்குப் புள்ளி. கடைசியாக வருபவர் மீசையை வழிக்கவேண்டும். போன வருடம் வழித்தவர் என் நண்பர் சுரேன். இந்த ஐப்பசியில் அவருடைய மகளுக்குக் கலியாணம் என்று முடிவாகியிருந்தது. இந்த முறையும் தோற்று, மொட்டை உதட்டோடு மணவறையில் நிற்பதா? அவரும் தேசிக்காயோடு போனார். மனைவி கம்சனாவும் கூடவே போனார்.

ஐயா பழத்தை நூலில் கட்டி, ஆட்டக்காரனின் பெயருக்கு மேலே பிடிப்பார். ஆடினால் ராசிக்காரன்.

"மைதானத்தில மூண்டு இடத்தில நிண்டு விளையாடத் தெரிஞ்சவனுக்கு மூண்டு கிரகம் துணை. அவனை எடுத்தா மூண்டு பேரை எடுத்தமாதிரி."

கூட்டம் தலையாட்டியது. தட்சணைத் தட்டு நிறைந்தது. தட்டுக்கு எத்தனை கிரகம் துணையோ.

சுரேனுக்கு அப்படி ஒருவன் கிடைத்தான். அடி சுமார்தான், ஆனால் மூன்று இடம். அவனையே முதலாவதாக எடுப்பதென்று முடிவு. கம்சனா முதியோர் இல்லத்தில் வேலை அட்டவணை போடுபவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, பேரைப் பாக்காமல் சொல்லுவியளோ?"

"தேசிக்காய்க்குக் கண் தேவையில்லைப் பிள்ளை."

"அப்ப உங்களுக்கும் தேவையில்லைத்தானே."

கம்சனா இரண்டு கடதாசித் துண்டில் பெயர் எழுதி மடித்து வைத்தார். முதல் துண்டின் மேல் பழம் அசையவில்லை.

"இவன் சரிவரான்."

இரண்டாவதில் கோயில் மணிபோல் ஆடியது.

"இவனை விடாதேங்கோ. மூண்டு கிரகமும் நிக்குது."

கம்சனா பிரித்தார். முதல் துண்டில் அந்த மூன்று இடத்து ஆட்டக்காரன். இரண்டாவதில் புரூனோ. மேல்வீட்டு ஜெர்மன் அம்மாவின் நாய்.

ஐயா அசரவில்லை. "நாயும் பந்துக்கு ஓடும்தானே."

"அதுக்குச் சோபாவில ஏறவே ஏலாது ஐயா" என்றார் சுரேன்.

"ஆடினது கிரகமில்லை, உங்கட பெருவிரல்" என்ற கம்சனா கணவர் பக்கம் திரும்பினார். "இஞ்சை பாருங்கோ. எங்கட வேலையிடத்தில ஒருத்தி சமைப்பா, துவைப்பா, மருந்தும் குடுப்பா. அதுக்காக ஒரே நேரத்தில மூண்டு இடத்தில நிப்பாளோ? ஆரும் கிராங்க், சுகமில்லை எண்டு வராமல் விட்டாத்தான் அவளின்ர அருமை தெரியும். இவனும் அப்பிடித்தான். நல்லா அடிக்கிறவங்களை முதல் எடுங்கோ. ஆரும் காயப்பட்டா அந்த இடத்தில நிப்பாட்ட இவனைப் பிறகு எடுங்கோ."

"ஓம்" என்றார் சுரேன், மீசையைத் தடவியபடி.

கலியாணப் படத்தில் அந்த மீசை முறுக்காக இருக்கிறது. பக்கத்தில் மொட்டை உதட்டோடு டொரொன்டோ மச்சான். ஐயாவிடம் வட்ஸ்அப்பில் குறி கேட்டு, அணி முழுக்க மூன்று இடத்து ஆட்களை நிரப்பியவர். மீசை கெதியாய் வளர எந்தக் கிரகம் என்று இப்போதும் ஐயாவைத்தான் கேட்கிறார்.

தேசிக்காயைப் பிழிந்து குடியுங்கள், உடம்புக்கு நல்லது. தலையை ஆட்டுவதற்கு மட்டும் வைத்திருக்காதீர்கள்.